சாவி யார் கையில்? உதவி மேசையும் அணுகல் உரிமையும்

ஏடிஎம் இயந்திரம் பணத்தைத் தரவில்லை. ஆனால் கணக்கில் தொகை கழிக்கப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் வங்கியின் உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர் சில விவரங்களைச் சரிபார்த்த பின், கணக்கின் அண்மைப் பரிவர்த்தனைகளைத் திரையில் காண்கிறார். புகாரைப் பதிவு செய்து ஓர் எண்ணைத் தருகிறார். இங்கு நாம் பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நம் கணக்கைத் திரையில் காணும் உரிமையை அவருக்கு வழங்கியவர் யார்? அவர் நாளை வேறு பிரிவுக்கு மாறினால், அந்த உரிமை எப்போது, யாரால் திரும்பப் பெறப்படும்?

இக்கேள்விகளுக்கு விடை தரும் ஏற்பாடு ஒன்று வங்கிகளின் கணினி அமைப்புகளுக்குள் இயங்குகிறது. வாடிக்கையாளரின் கண்ணில் படாத ஏற்பாடு அது. எனினும் அவருடைய பணத்தின் பாதுகாப்பு ஓரளவு அதைச் சார்ந்தே இருப்பதால், அதன் அடிப்படைகளை அறிந்துகொள்வது நலம்.

இரண்டு பதிவேடுகள்

முதலாவது, உதவி மேசை எனப்படும் ஹெல்ப் டெஸ்க். வாடிக்கையாளருக்கு ஒரு புகார் மையம் இருப்பதுபோல, வங்கி ஊழியர்களுக்கும் ஓர் உள் உதவி மேசை உண்டு. கணினி பழுது, கடவுச்சொல் மறதி, புதிய மென்பொருளில் நுழைய அனுமதி என எந்தத் தேவையாயினும் ஊழியர் அங்கே ஒரு கோரிக்கைச் சீட்டைப் பதிகிறார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அது திறந்திருக்கிறதா, நடவடிக்கையில் இருக்கிறதா, முடிக்கப்பட்டதா என்ற நிலையும் உண்டு.

இரண்டாவது, அடையாள ஆளுகைத் தளம். நிறுவனத்தில் யார் யார் உள்ளனர், ஒவ்வொருவரும் எந்தெந்த மென்பொருளில் என்னென்ன செய்ய இயலும், அந்த உரிமைக்கு ஒப்புதல் அளித்தவர் யார் என்பவற்றை ஒருசேரக் காட்டும் பதிவேடு இது. பொருந்தாத இரண்டு உரிமைகள் ஒருவரிடமே சேராமல் தடுப்பதும் இதன் பணி. பணப் பரிமாற்றத்தைப் பதிபவரே அதற்கு ஒப்புதலும் அளிக்கக்கூடாது என்ற மேக்கர்–செக்கர் விதி வங்கித் துறையில் பழையது. அந்த விதியைக் கணினிவழியே காவல் செய்வது இத்தளம்.

இவ்விரு பதிவேடுகளும் தனித்தனியே இயங்கினால் என்ன நேரும்? எடுத்துக்காட்டாக, நாக்பூர் கிளையில் கடன் பிரிவில் பணியாற்றும் அலுவலர் ஒருவர் புனே கிளையின் பணப் பரிமாற்றப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார் என்று கொள்வோம். புதிய பணிக்கான உரிமையை அவர் கேட்டுப் பெறுவார். அது இல்லாமல் வேலை நடக்காது. பழைய உரிமையை நீக்குமாறு எவரும் கேட்பதில்லை. அது இருப்பதால் எவருடைய வேலையும் தடைப்படுவதில்லை. இவ்வாறு மூன்று, நான்கு இடமாற்றங்களுக்குப் பின் ஒரே ஊழியரிடம் பல சாவிகள் சேர்ந்துவிடுகின்றன. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றால், அத்தனை கதவுகளும் ஒருங்கே திறந்துவிடும்.

2018 கற்பித்த பாடம்

ஒன்றோடொன்று இணையாத இரு அமைப்புகளால் எவ்வளவு பெரிய இழப்பு நேரக்கூடும் என்பதை நம் நாடு 2018-இல் கண்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பையிலுள்ள தன் பிராடி ஹவுஸ் கிளையில் நிகழ்ந்த மோசடியை வெளியிட்டது. அப்போது குறிப்பிடப்பட்ட தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்கு ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியே கடன் உறுதிக் கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தன. ஆனால் வங்கியின் கோர் பேங்கிங் கணக்கேட்டில் அவை பதிவாகவில்லை. அந்த வங்கியில் இரு அமைப்புகளும் அப்போது இணைக்கப்படாதிருந்தன. ஆகவே ஒன்றில் நடந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

இதில் மனிதர் சார்ந்த பகுதியும் உண்டு. தொடர்புடைய அலுவலர் பல ஆண்டுகள் அதே கிளையில், அதே பொறுப்பில் நீடித்து 2017-இல் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் புதிய கடிதம் கோரப்பட்டபோது, பொறுப்பில் இருந்த அலுவலர்கள் முழுத் தொகைக்கும் ரொக்க ஈடு கேட்டனர். முன்பு அவ்வாறு எதுவும் இன்றியே கடிதம் பெற்றோம் என்று கோரியவர்கள் கூறியதிலிருந்தே உண்மை வெளிப்படத் தொடங்கியது.

இதன் பின் ஸ்விஃப்ட் அமைப்பைக் கோர் பேங்கிங்குடன் 2018 ஏப்ரல் 30-க்குள் இணைக்குமாறு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 2021-இல், முக்கியப் பொறுப்புகளில் உள்ள ஊழியர்களை ஆண்டுதோறும் குறைந்தது 10 வேலைநாட்கள், முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியான விடுப்பில் அனுப்புமாறு வங்கிகளுக்குப் பணித்தது. அந்நாட்களில் உள் மின்னஞ்சல் தவிர, பணி சார்ந்த எந்த அமைப்பையும் அவர் அணுக இயலாதிருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. விடுப்பு தொடங்கும் நாளிலேயே உரிமை நின்றுபோக வேண்டுமெனில், பணியாளர் பதிவேடும் அணுகல் பதிவேடும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

இணைப்பு எவ்வாறு இயங்குகிறது?

உதவி மேசைக்குச் சர்வீஸ்நவ், ஜிரா போன்ற மென்பொருள்களும் அடையாள ஆளுகைக்குச் சேல்பாயிண்ட் போன்ற மென்பொருள்களும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன. இவற்றுக்கு இடையிலான இணைப்பு இருவழிப் பாதையாக அமையலாம்.

முதல் வழியில் கோரிக்கை உதவி மேசையில் தொடங்குகிறது. ஊழியர் தமக்கு வேண்டிய உரிமையைக் கேட்டுச் சீட்டுப் பதிகிறார். உதவி மேசை அதைத் தானே தீர்மானிக்காமல் ஆளுகைத் தளத்துக்கு அனுப்புகிறது. அத்தளம் அவருடைய பொறுப்பையும், ஏற்கெனவே உள்ள உரிமைகளையும் ஒப்பிட்டு, மேலாளரின் ஒப்புதலைப் பெற்று, உரிமையை வழங்குகிறது, அல்லது மறுக்கிறது. முடிவு மீண்டும் அதே சீட்டில் பதிவாகிறது. பின்னாளில் தணிக்கையாளர் கேட்கும்போது, இந்த உரிமை எந்தச் சீட்டின் பேரில், எவருடைய ஒப்புதலால் வந்தது என்பதை ஒரே இடத்தில் காட்டலாம்.

இரண்டாம் வழியில் ஆளுகைத் தளமே தொடங்குகிறது. ஊழியர் ஓய்வு பெறுகிறார். பணியாளர் பதிவேட்டிலிருந்து செய்தி வருகிறது. நேரடி இணைப்புள்ள மென்பொருள்களில் அவருடைய கணக்கு தானாகவே முடக்கப்படுகிறது. ஆனால் பல நிறுவனங்களில் இவ்வாறு இணைக்க இயலாத பழைய மென்பொருள்கள் சில இருக்கும். அவற்றுக்காகத் தளம் உதவி மேசையில் தானே ஒரு சீட்டைத் திறக்கிறது. தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் அதைப் பார்த்து, கணக்கைக் கைமுறையாக நீக்கி, சீட்டை முடிக்கிறார்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. சீட்டு முடிக்கப்பட்டது என்பதனால் உரிமை நீக்கப்பட்டது என்று கொள்ள இயலாது. வேலைப்பளுவில் ஒருவர் பத்துச் சீட்டுகளை ஒருசேர முடித்திருக்கலாம். ஒரே பெயருடைய வேறொருவரின் கணக்கை நீக்கியிருக்கலாம். ரத்து செய்யப்பட்ட சீட்டை, முடிந்த சீட்டாக மறுமுனை புரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே முறையாக வடிவமைக்கப்பட்ட இணைப்பு, சீட்டின் நிலையை மட்டும் நம்புவதில்லை. அந்தப் பழைய மென்பொருளின் பயனர் பட்டியலைக் குறித்த கால இடைவெளியில் பெற்று, நீக்கப்பட வேண்டிய பெயர் உண்மையிலேயே இல்லையா என்று ஒப்பிடுகிறது. பெயர் இன்னும் இருந்தால் மீண்டும் ஒரு சீட்டு திறக்கப்படுகிறது. நாள் முடிவில் ஏட்டிலுள்ள இருப்பைப் பெட்டியிலுள்ள ரொக்கத்துடன் எண்ணிப் பார்க்கும் காசாளரின் வழக்கமே இங்கும் பின்பற்றப்படுகிறது.

அவசர நேரத்துக்கும் இந்த இணைப்பு உதவுகிறது. நள்ளிரவில் ஒரு பழுதைச் சரிசெய்யப் பொறியாளருக்குக் கூடுதல் உரிமை தேவைப்படலாம். அந்த உரிமையைப் பழுதுச் சீட்டுடனும் ஒரு காலக்கெடுவுடனும் பிணைத்துவிட்டால், பணி முடிந்ததும் அது தானே காலாவதியாகிவிடும். எனினும் இரு அமைப்புகளையும் இணைக்கும் பயனர் கணக்குக்கே அளவற்ற உரிமை தந்துவிடக்கூடாது. காவலரின் கையிலும் தேவையான சாவி மட்டுமே இருக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு இதில் என்ன பங்கு?

நம்மில் பலர் சிறு தொழில் நடத்துவோர். நிறுவனத்தின் நடப்புக் கணக்கை இணைய வங்கிச் சேவையில் கணக்கர் கையாளுகிறார். அவருக்கெனத் தனிப் பயனர் பெயர் உள்ளது. அவர் ஒருநாள் வேலையை விட்டுச் செல்கிறார். அலுவலகச் சாவியைத் திரும்பப் பெறுகிறோம். இணைய வங்கியின் சாவியை மறந்துவிடுகிறோம். மேற்கண்ட பாடம் முழுவதும் இங்கே நமக்கும் பொருந்தும்.

ஊழியர் விலகும் நாளிலேயே அவருடைய பயனர் பெயரை முடக்குமாறு வங்கிக்கு எழுத்து வடிவில் தெரிவித்து, கோரிக்கை எண்ணைப் பெறுக. காசோலையில் கையொப்பமிடும் அதிகாரம் அவருக்கு இருந்திருந்தால், அதையும் மாற்றி எழுதித் தருக. சில நாட்களுக்குப் பின், பயனர் பட்டியலை நேரில் பார்த்து அப்பெயர் முடக்கப்பட்டதை உறுதி செய்க. பணம் அனுப்பப் பதிபவரும் ஒப்புதல் அளிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்குமாறு அமைத்துக்கொள்க. ஒரே கடவுச்சொல்லை இருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை அறவே விடுக. பகிரப்பட்ட கடவுச்சொல்லால் நடந்த செயலுக்கு யார் பொறுப்பு என்பதைப் பின்னர் நிறுவுவது கடினம்.

தனிநபர் கணக்குக்கும் இதே ஒழுங்கு நன்று. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தால், தொகை உண்மையிலேயே கணக்கில் திரும்ப வந்துள்ளதா என்று பாருங்கள். வராவிடில், அதே எண்ணைச் சுட்டி மீண்டும் எழுதுங்கள். உதவி மையத்திலிருந்து பேசுவதாகக் கூறுபவர் எவராயினும் ஓடிபி, பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். உங்கள் புகாரைத் தீர்க்க வங்கி ஊழியருக்கு அவை தேவைப்படுவதில்லை. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

நம் கணக்கைத் திறக்கும் சாவிகள் வங்கியிலும் உள்ளன, நம்மிடமும் உள்ளன. வங்கி தன் சாவிகளை எண்ணிப் பார்ப்பதுபோல, நாமும் நம்முடையவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம். அடுத்த முறை கிளைக்குச் செல்லும்போது, உங்கள் கணக்கை இயக்கும் அதிகாரம் இன்று யார் யாரிடம் உள்ளது என்ற பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் இருக்கக்கூடாத பெயர் ஒன்று இருந்தால், அன்றே நீக்கச் சொல்லுங்கள்.