எரியாத டார்ச்சும் ஒரு மல்டிமீட்டரும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் மாதத்துக்குள் எரியாத எல்இடி டார்ச் ஒன்று உங்கள் கைக்கு வரும். "இதக் கொஞ்சம் பாருப்பா" என்று சூப்பர்வைசர் நீட்டுவார். சில்லறை வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் பழுதை எப்படித் தேடுகிறீர்கள் என்பதை அந்த டார்ச்சை வைத்தே அவர் கணித்துவிடுவார்.

பிரிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சுவர் பிளக்கில் நேராகச் சொருகி சார்ஜ் செய்யும் விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டரும் சில டையோடுகளும்தான் 230 வோல்ட் லைனிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கின்றன. பிளக்கில் இருக்கும்போது உள்ளே எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். அதன் இரண்டு கால்களிலும் மீட்டரை டிசி ரேஞ்சில் வைத்து, பூஜ்யம் காட்டிய பிறகே கை வையுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

இனி கரண்ட் போகும் வழியிலேயே போங்கள்: பேட்டரி, ஸ்பிரிங், சுவிட்ச், எல்இடி.

புதியவர்கள் ஏமாறுவது பேட்டரியில்தான். நான்கு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை வெளியே எடுத்து அளந்தால் மீட்டர் சரியாக 4 காட்டும். 'பேட்டரி நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டு எல்இடியைக் கழற்றத் தொடங்குவார்கள். அதே பேட்டரியை டார்ச்சோடு இணைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். 4 என்றிருந்தது சடசடவென்று 2-க்கு இறங்கினால் பேட்டரி செத்துவிட்டது. லோடு இல்லாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். 2.5-க்கும் கீழே போய்விட்டதையோ, உப்பியிருப்பதையோ உயிர்ப்பிக்க முயலாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்தாலே பாதி டார்ச்சுகள் எரியத் தொடங்கிவிடும்.

அடுத்தது சுவிட்ச். இங்கேதான் ஒரு நல்ல பழக்கம் கைகூடும். சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்ட்டேஜ் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் சுவிட்ச் நலம். பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் அங்கேயே நின்றால் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது. லேத் மோட்டாரின் கான்டாக்டரில் கான்டாக்ட் கருகியிருப்பதையும் சீனியர் எலக்ட்ரீஷியன் இதே முறையில்தான் கண்டுபிடிக்கிறார். அங்கே இருப்பது 415 வோல்ட். அவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் அதைத் தொடக்கூடாது. 4 வோல்ட் டார்ச்சில் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம்.

எல்இடியைக் கடைசியாகப் பாருங்கள். மீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டால், நல்ல மீட்டராக இருந்தால் வெள்ளை எல்இடி மங்கலாக மினுங்கும். மினுங்காவிட்டால் முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் அளவில் தேவை என்பதால் சில மீட்டர்களுக்கு அவ்வளவு வலு இருக்காது. அதற்காக எல்இடியைக் குற்றம் சொல்ல வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். சால்டரிங் செய்யும்போது சூட்டை மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரில் 'டார்ச் ரிப்பேர்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'லோடில் 2.1 வோல்ட், பேட்டரி மாற்றப்பட்டது' என்று அளவோடு எழுதுங்கள். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு. அதை முடித்து வந்தவர்களிலும் அளவை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் குறைவு. அடுத்த இன்டர்வியூவில் 'ஒரு பழுதை எப்படிக் கண்டுபிடிப்பாய்' என்று கேட்டால், இந்த டார்ச்சையே வரிசையாகச் சொல்லுங்கள். நான் ஆள் எடுக்க உட்கார்ந்தால் அந்தப் பதிலுக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கழித்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படியொரு மழையில் கரண்ட் போனால் கைகொடுப்பது டார்ச்தான். அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் ஷெட்டில் உள்ள எல்லா டார்ச்சையும் ஒருமுறை லோடில் அளந்து வைத்துவிடுங்கள்.