ஜெம் கிளிப் கற்றுத்தந்த விமானப் பாடம்

"விமான எஞ்சினின் சில பாகங்களை, நன்றாக இருக்கும்போதே கழற்றிவிடுகிறார்கள். ஏன்?" எட்டாம் வகுப்பில் உலோகங்கள் பாடம் முடிந்ததும் இப்படிக் கேட்டேன். "துருப்பிடித்திருக்கும்", "விரிசல் விட்டிருக்கும்" என்றார்கள். விடையை அவர்களே கண்டறிய ஒரு பெட்டி ஜெம் கிளிப் போதுமானதாக இருந்தது.

செயல்பாடு 1

இருவருக்கு ஒரு கிளிப். அதை நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து, எத்தனையாவது வளைப்பில் உடைகிறது என்று எண்ண வேண்டும். (உடைந்த முனை கூர்மையானது; முகத்தருகே கொண்டுபோகக் கூடாது.) ஒரு குழுவுக்கு 9, இன்னொரு குழுவுக்கு 17. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினோம்.

"ஒரு கிளிப்கூட உடையாமலிருக்க எப்போது நிறுத்தலாம்?" பலர் சராசரியைச் சொன்னார்கள். சராசரிக்கு முன்பே உடைந்தவற்றை எண்ணச் சொன்னேன். ஏறக்குறைய பாதி! பிறகு அவர்களாகவே 6, 5 என்று இறங்கினார்கள்.

எஞ்சினின் சுழலும் தட்டுகளுக்கும் இப்படித்தான். ஒவ்வொரு பயணத்திலும் தட்டு வேகமெடுத்து இழுவிசையைத் தாங்கி, பிறகு ஓய்கிறது. இது ஒரு சுழற்சி. குறித்த சுழற்சிகள் முடிந்ததும், குறை எதுவும் தெரியாவிட்டாலும் தட்டை மாற்றியே ஆக வேண்டும்.

செயல்பாடு 2

ஆறு முறை வளைத்த ஒரு கிளிப்பை, நிமிர்த்திய புதிய கிளிப்புகளோடு கலந்து வைத்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தட்டுக்கும் தனி வரிசை எண்ணும், எத்தனை சுழற்சி ஓடியது என்ற பதிவேடும் உண்டு. பதிவு இல்லாத தட்டைப் பொருத்தக் கூடாது. ஆயுள் முடிந்த தட்டு மீண்டும் விமானத்துக்குள் நுழையாதபடி வெட்டிச் சிதைப்பதும், அழியாத குறி இடுவதும் வழக்கம்.

ஒரு கேள்வி

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் நடந்த விபத்தைச் சொன்னேன். டென்வரிலிருந்து சிகாகோ சென்ற டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு உடைந்தது. சிதறிய துண்டுகளால் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. சியூ சிட்டியில் தரையிறங்கும்போது விமானம் நொறுங்கியது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். தட்டின் வரம்பு 18,000 சுழற்சிகள், ஓடியது 15,503.

"அப்போ வரம்பே தப்பா சார்?" என்றான் ஒரு மாணவன்.

இந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். வரம்பு, குறையற்ற உலோகத்துக்குக் கணக்கிட்டது. அந்தத் தட்டின் டைட்டானியத்தில் உருக்கும்போதே ஒரு குறை தங்கிவிட்டது. அதிலிருந்து வளர்ந்த விரிசல் பராமரிப்புச் சோதனையில் கண்ணுக்குத் தப்பியது. எனவே எண்ணிக்கையும் வேண்டும், சோதனையும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிட முடியாது.

மதிப்பீடு

வரம்பு 20,000, ஓடியது 18,750, நாளுக்கு 5 பயணம். எத்தனை நாளில் மாற்ற வேண்டும்? 250 நாள் என்று பலரும் எழுதினார்கள். "அன்று பயணிகள் காத்திருந்தால், இன்னும் ஒரே ஒரு பயணம் போகலாமா?" என்றும் கேட்டிருந்தேன். ஒரு மாணவி எழுதியது: "கூடாது. நாளைக்கும் ஒரே ஒரு பயணம் என்றுதான் கேட்பார்கள்."