நம் பள்ளிக்கு உதவி தேடுவோம்

ஒரு சிற்றூர். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம். அங்கே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். 38 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்கள்.

அந்த ஊரில் ஒரு தாய். அவருக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்துக்கொள்வோம். களை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

ஒரு நாள் செல்லம்மா வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். மதியம் மகள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை.

"ஏண்டி, பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"இல்லேம்மா. கக்கூஸ் பூட்டிக் கிடக்கு. ஓடைப் பக்கம் போகப் பயமா இருக்கு. அதான் வீட்டுக்கு வந்துட்டேன்."

"தினமும் இப்படித்தானா?"

மகள் பதில் சொல்லவில்லை. செல்லம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் வீடு. இப்படியே போனால் ஆறாம் வகுப்புக்கு மகள் போவாளா?

மறுநாள் காலை செல்லம்மா பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியையைப் பார்த்தார்.

"கழிப்பறைக் குழாய் உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆகுதும்மா. நான் ஒருத்தி சொன்னா கேட்க ஆளில்லே. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கு. நீங்களும் உறுப்பினர்தானே? வாங்க."

"நானா? உறுப்பினரா?"

ஆசிரியை பதிவேட்டை எடுத்துக் காட்டினார். செல்லம்மாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவருடைய கைநாட்டு இருந்தது. அன்று எதற்கு என்று தெரியாமல் வைத்த கைநாட்டு. இன்று அந்தப் பக்கத்தை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன?

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கல்வி தர வேண்டும். இது அரசின் கடமை. பிள்ளைகளின் உரிமை.

இந்தச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள்.

குழுவுக்கு முக்கியமான வேலைகள் மூன்று.

1. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது.
2. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது.
3. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது.

பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். நல்ல குடிநீர் வேண்டும். சமையலறை வேண்டும். நூலகம் வேண்டும். விளையாட்டுப் பொருள்கள் வேண்டும். சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும்.

ஆகவே, கழிப்பறை கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

முதலில் பட்டியல் போடுங்கள்

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூச்சல்தான் மிஞ்சியது.

"எல்லாத்தையும் எழுதிடலாம்" என்றார் செல்லம்மா. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டார்கள்.

முதல் கட்டம், பணம் இல்லாமல் ஆகக்கூடியவை: கதைப் புத்தகம், கண் பரிசோதனை, பள்ளித் தோட்டம்.

இரண்டாம் கட்டம், சிறு பணத்தில் ஆகக்கூடியவை: கழிப்பறைக் குழாய், கதவுத் தாழ்ப்பாள், விளையாட்டுப் பந்து.

மூன்றாம் கட்டம், பெரும் பணம் வேண்டியவை: ஒழுகும் கூரை, சுற்றுச்சுவர்.

இப்படிப் பிரித்ததும் வழி தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் கதவைத் தட்ட வேண்டும்.

சிறு பணம் எங்கே இருக்கிறது?

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் உண்டு. 2018ஆம் ஆண்டு தொடங்கிய ‘சமக்ர சிக்‌ஷா’ என்னும் திட்டத்தில் இது வருகிறது. இதற்குக் கூட்டுப் பள்ளி மானியம் என்று பெயர். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தொகை முடிவாகும். 2021 முதல் 2026 மார்ச் வரையிலான காலத்துக்கு வகுத்த விதி இது:

30 பிள்ளைகள் வரை: 10,000 ரூபாய்.
100 பிள்ளைகள் வரை: 25,000 ரூபாய்.
250 பிள்ளைகள் வரை: 50,000 ரூபாய்.
1,000 பிள்ளைகள் வரை: 75,000 ரூபாய்.
அதற்கு மேல்: 1 லட்சம் ரூபாய்.

இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். இது தவிர, தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு 5,000 ரூபாய் வரையும், விளையாட்டுக்கு 5,000 ரூபாய் வரையும் விதியில் இடம் இருந்தது. விதிகள் மாறக்கூடும். உங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

செல்லம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்போது 38 பிள்ளைகள். விதிப்படி 25,000 ரூபாய். எட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் மீதி 30 பேர். அப்போது 10,000 ரூபாய்தான். எட்டுப் பிள்ளைகளோடு 15,000 ரூபாயும் வேன் ஏறிவிடும்!

கழிப்பறை பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் கழிப்பறை பூட்டியே கிடக்கும். இந்தச் சுழலை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

படிவத்தில் இருப்பது உண்மையா?

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. அதை ‘யு-டைஸ்’ எண் என்பார்கள். ஆண்டுதோறும் பள்ளியைப் பற்றிய விவரங்களை அந்த எண்ணில் பதிவு செய்கிறார்கள். எத்தனை பிள்ளைகள்? எத்தனை அறைகள்? கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? எல்லாம் அதில் இருக்கும். அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

செல்லம்மா அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டீச்சர், பெண்கள் கழிப்பறை பயன்பாட்டில் உள்ளதுன்னு எழுதியிருக்கே!"

ஆசிரியை தலை குனிந்தார். "பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதிட்டோம்மா. தப்புதான்."

கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. தவற்றைத் திருத்தத் தீர்மானம் எழுதினார்கள். காகிதத்தில் கழிப்பறை நன்றாக இருந்தால் அதைச் சரிசெய்ய யார் பணம் தருவார்கள்? ஆகவே, படிவத்தைக் குழு ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

பெரும் பணத்துக்கு எங்கே போவது?

கூரைக்கும் சுவருக்கும் பள்ளி மானியம் போதாது. அதற்கு நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, பள்ளி வளர்ச்சித் திட்டம். இது மூன்று ஆண்டுகளுக்கான திட்டம். குழு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. புதிதாக அமைந்த குழு அதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பர் முடிவதற்குள், திட்டத்தை எழுதிவிட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் மத்திய விதி. விதைக்கும் காலத்தில் தூங்கிவிட்டு அறுக்கும் காலத்தில் அரிவாள் தேடக் கூடாது.

இரண்டு, ஊராட்சி. கிராம சபையில் பள்ளியின் தேவையைச் சொல்லுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று, நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி நிதி. நிலையான சொத்தாக இருக்கும் பணிகளுக்கு, வகுப்பறை போன்றவற்றுக்கு, இதில் கேட்கலாம்.

நான்கு, பெரிய நிறுவனங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், தம் லாபத்தில் 100க்கு 2 ரூபாயைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் ஒன்று. உங்கள் பகுதியில் பெரிய ஆலை இருந்தால் தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள். மத்திய அரசின் ‘வித்யாஞ்சலி’ இணையத்தளத்திலும் பள்ளியின் தேவையைப் பதிவு செய்யலாம். உதவ விரும்புவோர் அதைப் பார்த்துத் தொடர்பு கொள்வார்கள்.

பணமே இல்லாமல் கிடைப்பவை

கதைப் புத்தகங்கள்: ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையத்தளத்தில் சிறுவர் கதைகள் படங்களோடு இலவசமாக உள்ளன. தமிழிலும் உள்ளன. 2015ஆம் ஆண்டு பிரதம் புக்ஸ் நிறுவனம் இதைத் தொடங்கியது. படிக்கலாம், அச்சிடலாம். நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கும்.

அறிவியல் பொருள்கள்: தீக்குச்சி, சைக்கிள் டியூப், பழைய பாட்டில். இவற்றைக் கொண்டே அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத் தருகிறார் அரவிந்த் குப்தா. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசம்.

உடல் நலம்: அரசு மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் 2013 முதல் உண்டு. கண், காது, பல், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். மேல் சிகிச்சையும் இலவசம். குழு எப்போது வரும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மனு எழுதுவது எப்படி?

செல்லம்மா எழுதிய மனு இதோ:

பெறுநர்:
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்

ஐயா,
எங்கள் பள்ளியின் எண் .......... பள்ளியில் 38 பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர்களில் 21 பேர் பெண் பிள்ளைகள். பெண்கள் கழிப்பறை இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழாயை மானியத்தில் நாங்களே சரிசெய்கிறோம். கூரை ஒழுகுகிறது. அதைப் பொறியாளரை அனுப்பிப் பார்வையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். குழுவின் தீர்மானம் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்
நாள்: ..........

மனு சிறியதாக இருந்தால் போதும். யார், எத்தனை பேர், என்ன குறை, என்ன வேண்டும். இந்த நான்கும் இருக்க வேண்டும். இரண்டு படிகள் எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வரவில்லை என்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. "மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அரசு மானியத்துக்குத் தரகர் தேவை இல்லை.

ஊர் கூடினால்

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "எங்க அப்பா காலத்திலே காமராசர் முதலமைச்சர். 1958லே பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு தொடங்கினாங்க. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்து நடத்தினார். ஊர்க்காரங்க நிலம் கொடுத்தாங்க, பெஞ்சு கொடுத்தாங்க, மணி கூடக் கொடுத்தாங்க. எங்க அப்பா ரெண்டு மரம் கொடுத்தார்."

"அப்போ நான் ரெண்டு நாள் கூலி வேலை செஞ்சு தர்றேன்" என்றார் செல்லம்மா. கொத்தனார் ஒருவரும் ஒப்புக்கொண்டார்.

குழாயும் தாழ்ப்பாளும் மானியத்தில் வாங்கினார்கள். ரசீதுகளைப் பதிவேட்டில் ஒட்டினார்கள். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கழிப்பறை திறந்தது. கூரையைப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பணம் இன்னும் வரவில்லை. சுற்றுச்சுவரும் இன்னும் இல்லை. மனுவின் படி செல்லம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் போவார்.

மகள் இப்போது மதியம் வீட்டுக்கு வருவதில்லை. மாலை மணி அடித்த பிறகுதான் வருகிறாள்.

பதில் சொல்லுங்கள்

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் எத்தனை பங்கு?
2. பள்ளியில் 120 பிள்ளைகள் இருந்தால், மேலே உள்ள விதிப்படி மானியம் எவ்வளவு?
3. மனு கொடுத்ததும் எதை வாங்கிக்கொள்ள வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். தேவைகளை மூன்று கட்டங்களில் எழுதுங்கள். குழு உறுப்பினர் பட்டியலைக் கேட்டுப் படியுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?