முந்தானைக்குக் குச்சு கட்டுவோம்

பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தைப் பாருங்கள். வரிசையாகக் குஞ்சம் தொங்கும். கன்னடத்தில் அதற்குக் குச்சு என்று பெயர். பெங்களூரில் நம் வாயிலும் அதுவே வருகிறது. இங்கே பல பெண்கள் வீட்டில் இருந்தபடியே குச்சு கட்டுகிறார்கள்.

குச்சு அழகுக்கு மட்டும் அல்ல. தறியில் நீளமாக ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. தறியில் இருந்து புடவையை அறுத்ததும் பாவு நூல் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் ஊடை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதனால் பாவு நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சே குச்சு ஆனது. இப்போது கடை நூலில் தனியாகக் கட்டுகிறோம்.

நூலும் மணியும் அவென்யூ ரோடு பக்கம் ராஜா மார்க்கெட்டில் கிடைக்கும். பட்டு நூல் என்று சொல்லித்தான் விற்பார்கள். பெரும்பாலும் அது செயற்கைப் பட்டு. அதனால் குற்றம் இல்லை. ஆனால் சாயம் போகக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்து அதில் நூலைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். சந்தன நிறப் பட்டில் சிவப்புச் சாயம் இறங்கினால் யார் பதில் சொல்வது?

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். நீட்டிய பாவு நூலைச் சீராக வெட்டுங்கள். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். சுமார் 20 இழை சேர்த்து ஒரு கற்றை எடுங்கள். கற்றை ஊசிக் காதில் நுழையாது. பெரிய ஊசியால் குத்தினால் பட்டில் ஓட்டை விழும். அதற்கு ஒரு வழி உண்டு. மெல்லிய ஊசியில் ஒரு நூலைக் கோத்து வளையமாக விடுங்கள். கற்றையை அந்த வளையத்தில் மாட்டி இழுங்கள். வந்துவிடும். கற்றையை இரண்டாக மடித்து, கழுத்தில் சரிகை நூலை நாலு சுற்றுச் சுற்றி முடியுங்கள். எல்லாம் கட்டிய பிறகு அடியை ஒரே அளவாக வெட்டுங்கள்.

இனி கூலிக் கணக்கு. முந்தானை அகலம் 45 அங்குலம் என்றால் 45 குச்சு. ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 180 நிமிடம். அதாவது 3 மணி நேரம். ஓரம் தைக்க, சாயம் பார்க்க இன்னும் 1 மணி. மொத்தம் 4 மணி. கூலி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல் செலவு 40. மீதி 160. ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய்.

மணி கோத்த குச்சுக்கு 300 ரூபாய் தருகிறார்கள் என்று வைப்போம். பெரிய தொகையாகத் தெரிகிறது. நூலும் மணியும் 100 ரூபாய். வேலை 6 மணி நேரம். மீதி 200 ரூபாயை 6 ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 33 ரூபாய்தான் வருகிறது! கண் வலியும் கழுத்து வலியும் தனி. கூலி பேசும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சிலர் சொல்வார்கள். சோறு வடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காரும் நேரம் சும்மா இருக்கிற நேரமா?

புடவை கைக்கு வந்ததும், கொடுத்தவர் எதிரிலேயே விரித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறை, கிழிசல் இருந்தால் உடனே நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு "இது நீ செய்த கறை" என்று கூலியைப் பிடிக்க முடியாது.

வீட்டு வேலைக் கூலிக்காரரும் தொழிலாளரே. 1996-இல் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இவர்களுக்கென்றே 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய 2021 ஆகஸ்டில் ஈ-ஸ்ரம் தொடங்கியது. குச்சு கட்டுகிறவரும் பதியலாம். பதியக் கட்டணம் இல்லை. ஆதார் எண், அதோடு இணைத்த போன் எண், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும்.

பயிற்சி

1. நோட்டில் இப்படிக் கட்டம் போடுங்கள்: வந்த தேதி, கொடுத்தவர், புடவை நிறம், கறை உண்டா, பேசிய கூலி, வாங்கிய பணம், பாக்கி.

2. கூலி 250 ரூபாய். நூல் செலவு 50. வேலை 5 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

3. மணி கோத்த குச்சில் ஒரு மணிக்கு 40 ரூபாய் கிடைக்க வேண்டும். எவ்வளவு கூலி கேட்பீர்கள்?