குடியிருப்பவரோடு வீடு வாங்குகிறீர்களா?

வாடகை வருமானத்துக்காக முதல் வீடு வாங்குபவர்கள் சுவரையும் தண்ணீரையும் தாய்ப்பத்திரத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். உள்ளே குடியிருக்கும் குடும்பத்திடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பின்னால் வரும் தகராறுகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் பரவலாக உள்ள நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கிரயம் முடிந்ததும் பழைய வாடகை ஒப்பந்தம் செல்லாது.

உண்மை: செல்லும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 109-இன்படி, விற்றவரின் இடத்துக்கு வாங்கியவர் வருகிறார். உரிமைகளோடு பொறுப்புகளும் கைமாறும். விற்பனைக்கு முந்தைய வாடகைப் பாக்கி மட்டும், தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், உங்களுக்குச் சேராது. வீடு கைமாறியது தெரியாமல் குடியிருப்பவர் பழைய உரிமையாளரிடமே வாடகை கொடுத்துவிட்டால், அதை மறுபடி அவரிடம் கேட்கவும் முடியாது. எனவே பத்திரம் பதிந்த கையோடு அவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

நம்பிக்கை: வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும்.

உண்மை: பதிவு அலுவலகத்தில் பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. வாடகை என்று நினைத்து வாங்கிய வீட்டில், பல லட்சம் கொடுத்து 'லீசுக்கு' இருப்பவர் இருக்கலாம். அப்படியானால் மாத வாடகை வராது. அவர் வெளியேறும் நாளில் அந்தத் தொகையைக் கேட்பார். குடியிருப்பவரின் உரிமை என்ன என்பது, வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எனக்குச் சொல்லவில்லை' என்ற வாதம் எடுபடாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே ஒப்பந்த நகலை வாங்கிப் பாருங்கள். வாடகை, அட்வான்ஸ், பாக்கி மூன்றையும் குடியிருப்பவரிடமே கேட்டு, அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்து, அதைக் கிரயப் பத்திரத்திலும் குறிப்பிடுங்கள். நாளை அந்தப் பணத்துக்கு அவர் உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

நம்பிக்கை: தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் தானாகக் காலி செய்வார்கள்.

உண்மை: அது சட்டவிரோதம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதைத் தடை செய்கிறது. வாடகைப் பாக்கி, உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்தை நாடலாம். பூட்டை மாற்ற முடியாது. வீடு காலியாகத்தான் வேண்டுமென்றால், காலி செய்து ஒப்படைப்பது விற்பவர் பொறுப்பு என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வீடு காலியாகும்வரை முழுத்தொகையையும் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: 12 ஆண்டுகள் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்குச் சொந்தமாகிவிடும்.

உண்மை: வாடகைதாரர் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவர். வாடகை உறவு நீடிக்கும்வரை, எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த அனுமதி சொந்த உரிமையாக மாறாது. ஆனால் வாடகையும் வாங்காமல் ரசீதும் இல்லாமல் விட்டுவைப்பது வீண் வழக்குக்கு வழிவகுக்கும். உங்கள் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இந்தப் பதிவு தேவை.

குடியிருப்பவரை இடைஞ்சலாக நினைத்து வீடு வாங்காதீர்கள். நேரத்துக்கு வாடகை கொடுத்து, வீட்டைப் பேணுகிறவர் என்றால், முதல் மாதத்திலிருந்தே உங்களுக்கு வருமானம் உறுதி. கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.