வீட்டோடு மரதன் ஓடலாமா?

கேள்வி: எங்கள் வீடு நாலந்தாச் சந்திக்குக் கிட்ட. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் விளையாட்டுக் கழகம் மரதன் ஓட்டம் வைக்கும். இம்முறை 5 கிலோமீற்றரில் குடும்பமாக ஓடுவதற்கும் ஒரு பிரிவு வைக்கப்போகிறார்களாம். மகனுக்கு 14 வயது, பாடசாலையில் 1500 மீற்றர் ஓடுகிறவன். மகளுக்கு 9. எனக்கு 38, கலியாணத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. கணவருக்கு 45, சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். நாலு பேரும் சேர்ந்துதான் ஓடவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இவளோடு ஓடினால் கடைசியாகத்தான் வருவேன் என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஓடலாமா? எப்படித் தயாராவது?
— ஒரு தாய், நாலந்தா

பதில்: அன்பான சகோதரி, தாராளமாக ஓடலாம். இரண்டு மாதம் போதும். ஆனால் பயிற்சிக்கு முன்னால் வீட்டில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். சேர்ந்து ஓடுவதென்றால் மகளின் வேகம்தான் உங்கள் எல்லோருடைய வேகமும். அவள் நடந்தால் நீங்களும் நடக்கவேண்டும், அவள் நின்றால் நீங்களும் நிற்கவேண்டும். தந்தை முன்னால் போய்க்கொண்டே திரும்பிப் பார்த்து "கெதியா வா" என்று கூப்பிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் ஓட வராது.

மகனைத் தங்கைக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். 1500 மீற்றர் ஓடுகிற பிள்ளைக்குத் தன் பலத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசை இருக்கும். அது நல்ல ஆசை. திறந்த போட்டி முதலில், குடும்பப் பிரிவு அதற்குப் பிறகு என்று ஒழுங்கு செய்ய முடியுமா எனக் கழகத்தாரிடம் கேளுங்கள். அவன் தன் போட்டியை ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகு உங்களுடைய கடைசிக் கிலோமீற்றரில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். மகளின் ஆசையும் நிறைவேறும். நால்வரும் சேர்ந்து ஓடுவதற்கு இரண்டு மாதப் பயிற்சிக் காலைகள் இருக்கின்றன. அங்கே அவன் முன்னால் ஓடிப் போய், திரும்பி உங்களிடம் வந்து, மறுபடி போகட்டும். அவனுக்கு இரட்டிப்புத் தூரம் கிடைக்கும், நீங்களும் பிரியமாட்டீர்கள்.

பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கிழமையும் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இதையே இருபத்தைந்து நிமிடம் செய்தால் போதும். பிறகு ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறையுங்கள். ஓடும்போதே ஒரு முழு வசனம் பேச முடியவேண்டும். பேச்சு திக்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளை ஓடுவதைக் கவனித்துப் பாருங்கள். விசில் ஊதியதும் அம்பு போலப் பாயும், இருநூறு மீற்றர் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும். ஒரே சீராக ஓடுவது பிள்ளைகளுக்குத் தானாக வராது, பழக்கித்தான் வரும். ஆகவே மகளின் கையைப் பிடிக்காமல், பக்கத்தில் தோளோடு தோளாக ஓடி, புறப்படும்போதே அவளை மெதுவாக்குங்கள். லண்டனின் புஷி பூங்காவில் 2004இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய பார்க்ரன் ஓட்டத்தின் தூரமும் 5 கிலோமீற்றர்தான். அங்கே 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் ஓடலாம். உங்கள் ஊரிலும் இதை விதியாக்கச் சொல்லுங்கள்.

இந்த வயதுகளில் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். மகள் குதிகால் நோகிறது என்றாலோ, மகன் முழங்கால் சில்லுக்குக் கீழே நோகிறது என்றாலோ சாட்டுச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வரும் நோவு அது. சில நாள் ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடர்ந்து நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கணவர் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே கிளினிக் கொப்பியோடு வைத்தியரைப் பார்க்கட்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஓடும்போது சீனி இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுத்தால் இறங்கக்கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல் என்றால் உடனே நின்று, சட்டைப் பையில் வைத்திருக்கும் குளுக்கோசைச் சாப்பிடவேண்டும். ஓடி முடித்து வந்ததும் இரண்டு பாதத்தையும் பார்க்கட்டும். சீனி வருத்தக்காரருக்குக் கொப்புளம் நோகாமலே புண்ணாகிவிடும். முன்பு எப்போதாவது நெஞ்சு நோவோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது இரத்த உறவில் யாராவது இள வயதில் திடீரென இறந்திருந்தால், அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். இது நால்வருக்கும் பொருந்தும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வெயில். ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாட்களில்தான் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. புத்தாண்டும் ஓட்டமும் சரியாக அதற்குள் வருகின்றன. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் உயிரிழந்தார். பிள்ளைகளை வீதியில் ஓடவிடும் எவரும் அதை மறக்கக்கூடாது. உங்கள் ஓட்டம் காலை 6 மணிக்கெல்லாம் தொடங்கவேண்டும். விருந்தினர் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளை வெயிலில் காக்கவைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் சேர்ந்து எதிர்க்கவேண்டும். பயிற்சிக்கும் காலையே நல்லது. மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஓடும்போது பிள்ளையின் பேச்சு குழம்பினால், தள்ளாடினால், சத்தி எடுத்தால் அத்தோடு ஓட்டம் முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் உடம்பைக் குளிரச் செய்வதுதான் உயிரைக் காப்பாற்றும். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மற்றபடி குடிப்பதற்கு, ஓடுமுன் சில மிடறு, பிறகு பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு போதும். முடிந்த பிறகு இளநீரோ ஜீவனியோ கொடுக்கலாம்.

பெருநாள் என்பதால் இன்னும் இரண்டு சொல்லவேண்டும். புது உடுப்போடு புதுச் சப்பாத்தும் வாங்குவீர்கள். அதை ஓட்டத்தன்று போடவேண்டாம். வாங்குவதென்றால் ஒரு மாதம் முன்பே வாங்கிப் பயிற்சியில் பழக்குங்கள், இல்லாவிட்டால் பாடசாலைச் சப்பாத்தே போதும். பாற்சோறும் பலகாரமும் ஓடி முடித்த பிறகு. காலையில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் போதும். கணவர் மட்டும் குளிசையும் சாப்பாடும் எந்த நேரம் என்று வைத்தியரைக் கேட்டு அதன்படி செய்யட்டும்.

கடைசியாக, பாதை. உங்கள் ஊர் கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இருக்கிறது. பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவர்களின் பஸ்ஸும் வானும் விடியற்காலையிலேயே பறக்கும் வீதி அது. பெரியவர்களின் போட்டியைப் பொலிஸ் பாதுகாப்போடு அதில் நடத்தலாம், ஒன்பது வயதுப் பிள்ளைகளை இறக்கக்கூடாது. நாலந்தா கெடிகேக்குப் போகும் கிளைப் பாதை இருக்கிறதே, குடும்பப் பிரிவுக்கு அதுவே ஏற்றது. போய்த் திரும்பினால் தூரத்தையும் சரிக்கட்டலாம். பயிற்சியையும் அங்கேயே செய்யுங்கள். போவதென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் மீண்டும் எழுப்பிய கோயில் அது. பல்லவர் பாணியில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் வரலாற்றை, நடக்கும் நிமிடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வழித்தடத்தைத் தீர்மானித்துப் பொலிஸ் அனுமதி எடுக்கக் கழகத்தாருக்கு நாள் வேண்டும். பங்குனி பிறக்கும்வரை பொறுக்காமல், மற்றப் பெற்றோர் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே போய்ப் பேசுங்கள்.