முன்பணமும் பிந்திய தடுப்பூசியும்

ஒரு தடுப்பூசி பயன் தரும் என்பது உறுதிப்படுவதற்கு முன்பே அதற்கு விலை கொடுக்க முன்வருவோர் யாரோ, அவர்களுக்கே முதற் குப்பிகள் போய்ச் சேரும். கொரோனாப் பெருந்தொற்று இதனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது. 2020 மே மாதத்திலேயே அமெரிக்க அரசு, அஸ்ட்ராஜெனெகா நிறுவனத்திற்கு 120 கோடி டாலர் வரை அளிக்க இசைந்து, 30 கோடி தவணைகளைத் தனக்கு ஒதுக்கச் செய்தது. அதே மாதத்தில் பிரிட்டன் 10 கோடி தவணைகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டது. ஆய்வு தோல்வியுற்றிருந்தால் இப்பணம் வீணாகியிருக்கும். அத்தகைய இழப்பைச் செல்வ நாடுகளின் கருவூலங்கள் தாங்கும்; ஏழை நாடுகளின் வரவு செலவுத் திட்டங்கள் தாங்கா.

இக்குறையைப் போக்கவே 2020 ஏப்ரலில் 'கோவாக்ஸ்' ஏற்பாடு தோன்றியது. (இந்தியத் தயாரிப்பான கோவாக்சினுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) உலக சுகாதார நிறுவனமும், 'காவி' எனும் பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணியும், கொள்ளை நோய்களுக்கான ஆயத்தப் புத்தாக்கக் கூட்டமைப்பும் இதனை முன்னின்று நடத்தின, யூனிசெப் மருந்தைக் கொண்டு சேர்த்தது. வருவாய் குறைந்த 92 நாடுகளுக்குரிய செலவை, முக்கியமாக நன்கொடை அரசுகள் அளிக்கும் நிதியைக் கொண்டு ஈடுசெய்வது திட்டம்.

'முன்கூட்டிய கொள்முதல் உறுதி' எனப்படும் இம்முறை புதியதன்று. 2009இல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே ஆகிய அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கெதிரான தடுப்பூசிக்காக 150 கோடி டாலர் உறுதியளித்தன. வாங்குவோர் உண்டு என்ற நம்பிக்கை பிறந்தால், உற்பத்தியாளர் ஆலையை விரிவுபடுத்துவார், விலையும் தணியும். ஆயினும் அம்மருந்துக்கு உலகமே ஒரே நாளில் வரிசையில் நிற்கவில்லை. பெருந்தொற்றின்போதோ பணத்தின் அளவைப் போலவே அது வந்து சேரும் நாளும் முக்கியமாகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் இவ்வேற்பாட்டிற்கென 400 கோடி டாலர் ஒதுக்கியது 2020 டிசம்பரில்தான். அம்மாதம் 8ஆம் நாளிலேயே பிரிட்டனில் ஊசி போடத் தொடங்கிவிட்டனர். கோவாக்ஸின் முதற் சரக்கு கானாவை அடைந்தது 2021 பிப்ரவரி 24ஆம் நாள்.

அச்சரக்கின் 6 இலட்சம் தவணைகளும் புனேயிலுள்ள சீரம் நிறுவனத்தில் தயாரானவை. அந்த 92 நாடுகளுள் ஒன்றான இந்தியா, பெறுநராகவும் வழங்குநராகவும் ஒருங்கே நின்றது. 2021 ஜனவரி 20 அன்று பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் மருந்து அனுப்பித் தன் 'தடுப்பூசி மைத்ரி'யையும் அது தொடங்கியிருந்தது. பின்னர் இரண்டாம் அலை நாட்டைத் தாக்கியது, ஏற்றுமதி நின்றது, கோவாக்ஸிற்கான அனுப்புகை நவம்பர் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. தன் மக்களைக் காப்பது எந்த அரசுக்கும் முதற் கடமை. எனவே குறை அம்முடிவில் இல்லை. தொடக்க வழங்கலுக்குப் பெரும்பாலும் ஓர் ஆலையையே நம்பியிருந்த அமைப்பில்தான் இருந்தது.

அவ்விடைவெளியை நன்கொடைத் தவணைகள் ஓரளவு நிரப்பின. பிறருக்கு வழங்கவென்றே 50 கோடி பைசர் தவணைகளை வாங்குவதாக அமெரிக்கா 2021 ஜூனில் அறிவித்தது. ஆனால் சில நாடுகள் தம்மிடம் எஞ்சியவற்றைக் காலாவதி நெருங்கிய நிலையில் அளித்தன. அவ்வாறு வந்து காலாவதியான 10 இலட்சத்திற்கு மேற்பட்ட தவணைகளை நைஜீரியா அவ்வாண்டு டிசம்பரில் அழிக்க நேர்ந்தது. குப்பி மட்டும் போதாது; ஊசிக்குழல், கடுங்குளிர்ப் பெட்டி, தடையற்ற மின்சாரம், சிற்றூர் வரை செல்லும் பணியாளரின் ஊதியம் ஆகியவற்றுக்கும் நிதி வேண்டும். வழங்கிய தவணைகளை எண்ணிக் காட்டுவது எளிது. குளிர்பெட்டிக்கு அளித்த பணம் செய்தித்தாளில் இடம்பெறுவது அரிது.

2021 இறுதிக்குள் 200 கோடி தவணைகள் என்பது கோவாக்ஸின் குறிக்கோள். 100 கோடியாவது தவணை 2022 ஜனவரியில் ருவாண்டாவை அடைந்தது. 2023 டிசம்பர் 31 அன்று திட்டம் முடிவுற்றபோது 146 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் ஏறத்தாழ 200 கோடி தவணைகள் சேர்ந்திருந்தன. இலக்கு ஏறக்குறைய எட்டப்பட்டது. ஆனால் ஈராண்டு பிந்தி.

நோய் பரவிய பின்னர் நாடுகளிடம் கையேந்தாமல் முன்னரே நிதி சேர்த்து வைப்பதே இதற்கு மாற்றென உணர்ந்த காவி, முதல் உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. ஆப்பிரிக்காவில் பரவிய எம்பாக்ஸ் அம்மையைப் பன்னாட்டு நெருக்கடியாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14 அன்று அறிவித்தது. அந்நிதியைக் கொண்டு 5 இலட்சம் தவணைகள் வாங்கும் ஒப்பந்தம் செப்டம்பர் 18ஆம் நாள் அறிவிக்கப்பட்டது.